இருபத்து நான்கு அடித் தெரு

ஆனைக்கல்பட்டி பஸ் நிறுத்தத்தில் தாரணியின் வண்டி தானாக நின்றது. அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. பின்னால் இருபத்திரண்டு அடிக்கு நீண்டிருந்த பாடியில் பன்னிரண்டு இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் இருபது அடி. முன்னால் கீழ்க்காலனிக்குப் போகும் சிமெண்ட் சாலை வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது.

“தடம் இங்கே முடிகிறது. சரக்கை இங்கே இறக்கவும்” என்றது வண்டி. மரியாதையான பெண் குரல்.

குழாய்க்காகக் காத்திருந்த ஜீவரத்தினம் டிரைவர் பக்கத்துக் கதவருகே வந்தான். முப்பது வயது. பிளம்பர். காலனியின் புதுத் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் இழுக்கிற வேலைக்கு அவன்தான் மேஸ்திரி.

“ஏனுங்க்கா, ரோடுதான் கண்ணு முன்னால கெடக்குதே. அது எப்புடி முடியும்?”

“எனக்குத் தெரியுது ஜீவா. இதுக்குத் தெரியலையே.”

“நீங்க பாட்டுக்கு ஸ்டேரிங்கப் புடிச்சு ஓட்டுங்க.”

“பாடி நீண்டிருக்கறப்ப தடத்த விட்டு ஓரடி எறங்குனாலும் பிரேக்கு கவ்விக்கும். பாடியச் சுருக்குனா எங்க வேணா போகும். சுருக்குனா ஒம்பதடி. குழாய எங்க வெக்கறது?”

“பழைய மாதிரி பின்னால தொங்கவுட்டு, நுனியில செகப்புத் துணி கட்டி...”

“அதுக்கு இப்ப ஜெயிலு. தெரியுமல்ல?”

அவனுக்கும் தெரியும். அந்தச் சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அதை யாரும் கெட்ட சட்டம் என்று சொல்லிவிட முடியாது. சின்ன வண்டிகளில் கம்பியையும் குழாயையும் பாதி வெளியே தொங்கவிட்டு ஓட்டிய காலத்தில், பின்னால் பைக்கில் வந்து செத்தவர்களுக்குக் கணக்கில்லை. திருச்செங்கோடு சாலையில் அப்படி ஒருவரைத் தாரணியே பார்த்திருக்கிறாள். அதன் பிறகு மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு மாற்றாக வந்ததுதான் நீட்டுப்பாடி. சும்மா இருக்கும்போது ஒன்பது அடி. நீளச் சரக்கு ஏற்றினால் தண்டவாளம் போன்ற சட்டங்கள் ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக வெளியே வரும். கடைசியில் இரண்டு சின்னச் சக்கரங்கள் இறங்கித் தரையைத் தொடும். திருப்பத்தில் அவையும் தாமாகவே திரும்பிக்கொள்ளும். வேளைக்கொரு நீளமாக இருக்கிற வண்டி குறுகலான சந்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால், தனக்குத் தெரிந்த தெருக்களில் மட்டும்தான் அது நீண்டபடி போகும். தெரிந்த தெருவுக்குப் பெயர் தடம்.

கீழ்க்காலனி தடத்தில் இல்லை.

நான்கு நடையில் நாற்பத்தெட்டுக் குழாய்களைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கினாள் தாரணி. அங்கிருந்து காலனி ஒன்றேகால் கிலோமீட்டர். வெட்டி ஒட்டலாம் என்றால், ஒட்டுப்போட்ட குழாய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பொறியாளர் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே குழாய்க்கு நான்கு பேர் என்று தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தாரணி கடைசி நடையை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வாய்க்கால் பாலத்துப் பக்கமிருந்து அலறல் கேட்டது.

முன்னால் தூக்கியவரின் செருப்பு வழுக்கிவிட்டது. குழாயின் பின்முனை ஜீவரத்தினத்தின் தோளிலிருந்து நழுவி, வலது காலில், முழங்காலுக்குக் கீழே விழுந்தது. தாரணி பாடியைச் சுருக்கி, வண்டியை வாய்க்கால் பாலத்துக்கு ஓட்டி, அவனைக் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். ஒன்பது அடி வண்டியாக அந்தச் சாலையில் போனபோது அது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் அவனுடைய வலது காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பதினோராம் நாள், கட்டுப் பிரிக்கும் முன்பே, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். பன்னிரண்டு அடிக்கு மேற்பட்ட சரக்கை உரிய வாகனம் இல்லாமல் பொதுச் சாலையில் எடுத்துச் சென்றது, தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவித்தது என்று ஜீவரத்தினத்தின் மேல் வழக்கு. தூக்கியவர்களில் அவன்தான் மேஸ்திரி, ஆகவே அவன்தான் முதல் எதிரி. தாரணி சாட்சி.

கட்டிலருகே இருந்த தாரணி காகிதத்தை வாங்கிப் படித்தாள். “காலு போனவன் மேலயே கேஸா? உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?”

“நானாம்மா எழுதுனேன்? ஆஸ்பத்திரியில விபத்துன்னு பதிவானா, எந்தப் பிரிவுன்னு கம்ப்யூட்டரே போட்டுடும். நான் கொண்டாந்து குடுக்கறதோட சரி” என்றார் போலீஸ்காரர்.

ஜீவரத்தினத்தின் மனைவி சுகன்யா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை பார்ப்பவள். அவள் அழவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒரு அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு தாரணியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, இந்த வண்டி செஞ்ச கம்பெனி ஆபீஸ் எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் தெருவ அளந்துட்டு வந்திருக்கறன்.”

நெடுவழி மோட்டார்ஸ் அலுவலகம் நாமக்கல்லைத் தாண்டிப் பைபாஸில் இருந்தது. மூன்று மணி நேரம் உட்காரவைத்த பிறகு, தடப் பிரிவின் பொறுப்பாளர் ரகுநந்தன் அவர்களை உள்ளே அழைத்தார். ஐம்பது வயதிருக்கும். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் உண்மையாகவே வாடியது. தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

சுகன்யா நாடாவை மேசைமேல் வைத்தாள். “எங்க தெரு இருவத்துநாலடிங்க. மேலத் தெரு பதினாறடி. அதையும் அளந்தேன். அந்தப் பதினாறடியில உங்க வண்டி நீட்டிக்கிட்டு ஜம்முன்னு போகுது. எங்க தெருவுக்கு மட்டும் கண்ணு தெரியாதா?”

“யாருங்க இவங்க தெருவ எடுத்தது?” என்று தாரணியும் சேர்ந்துகொண்டாள். “மேலத் தெருக்காரங்க சொல்லி எடுத்தீங்களா? எவன்னு பேரச் சொல்லுங்க, கோர்ட்டுல நிக்க வெக்கறேன்.”

ரகுநந்தன் நாற்காலியைத் திருப்பினார். பிறகு சுவரிலிருந்த திரையில் ஆனைக்கல்பட்டியை வரவழைத்தார்.

“யாரும் எடுக்கலம்மா. யாரும் சேர்க்கவும் இல்ல. எந்தத் தெருவையும் நாங்க கையால போடறதில்ல. இந்த வண்டி வர்றதுக்கு முன்னாடியே எல்லாச் சரக்கு வண்டியிலயும் இருப்பிடக் கருவி இருந்ததில்லையா? எந்த வண்டி எங்க போச்சு, எங்க திரும்புச்சு, எங்க நின்னு சரக்கு இறக்குச்சுன்னு பதினோரு வருஷப் பதிவு. அதையெல்லாம் பார்த்துத்தான் வண்டி தானாக் கத்துக்கிச்சு. டிரைவருங்க போற எடம் ரோடு. டிரைவருங்க நிக்கற எடம் ரோட்டோட முடிவு.”

திரையில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. மேலத் தெரு முழுவதும் அவை எறும்புபோல ஓடின. கீழ்க்காலனிக்கு என்று பதிவான சரக்குகள் மட்டும் பஸ் நிறுத்தத்தில் வந்து குவிந்தன. சிமெண்ட், செங்கல், மணல், பீரோ, கட்டில், சாமியானா கம்பு. நாலாயிரத்துச் சொச்சம் நடை. எல்லாம் அந்த ஒரே இடத்தில் நின்று, இறக்கி, திரும்பிப் போயிருந்தன.

“மூணே மூணு நடை உள்ள போயிருக்கு” என்றார் ரகுநந்தன். “ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி, ஒரே வண்டி. மூணுதான்கறதால அத வழி தவறுன வண்டின்னு கணக்குல இருந்து தள்ளிடுச்சு.”

தாரணி எழுந்து திரையருகே போனாள். கேட்கக் கூடாது என்று மனசு சொன்னது. கேட்டாள்.

“என்ர நம்பரப் போட்டுப் பாருங்க. பழைய வண்டி நம்பரு.”

அவர் தட்டினார். திரையில் முப்பத்தேழு புள்ளிகள் மட்டும் மிஞ்சின. முப்பத்தேழும் பஸ் நிறுத்தத்தில்.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. முதல் முதலாக அவளை வேலைக்கு வைத்த வண்டிக்காரர் சொன்னார்: “காலனி லோடா? உள்ள போவேண்டாம். ஸ்டாப்புலயே எறக்கிரு, அவங்களே வந்து எடுத்துக்குவாங்க.” ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அப்புறம் சொந்த வண்டி வாங்கினாள், யாரும் சொல்லவேண்டிய தேவையில்லாமல் அங்கேயே நிறுத்தினாள். ஒன்பது அடி வண்டி அது. எந்தக் குரலும் அவளைத் தடுக்கவில்லை.

“இப்ப சேத்துடுங்க” என்றாள் சுகன்யா. “தெருவ அளந்தாச்சு. வேணும்னா வந்து பாருங்க.”

“என்னால முடியாதும்மா. கையால ஒரு தெருவச் சேர்த்தா, நாளைக்கு அங்க வண்டி மோதுனா பொறுப்பு எங்களோடது. அதுவாக் கத்துக்கிட்டதுன்னா...” அவர் நிறுத்தினார்.

“அதுவாக் கத்துக்கிட்டா யாருக்கும் பொறுப்பில்ல” என்று சுகன்யா முடித்தாள். “என்ர வீட்டுக்காரர் காலுக்கு மட்டும் அவரே பொறுப்பு. நல்லா இருக்குதுங்க உங்க சட்டம்.”

ரகுநந்தன் எழுந்து கதவைச் சாத்தினார். “வேற வேற வண்டி இருவது, சுருக்குன பாடியோட, உங்க தெருக் கடைசி வரைக்கும் போய்ட்டு வரணும். தெருவோட அகலத்த அதுங்களே அளந்துக்கும். அப்புறம் தன்னாலத் திறந்துடும். நான் சொன்னதா வெளிய சொல்லாதீங்க.”

திரும்பி வரும்போது தாரணியால் பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதன்சந்தை தாண்டியதும்தான் வாய் திறந்தாள்.

“எனக்கு நெசமாவே தெரியாது கண்ணு. நான் அப்புடி நெனச்சு நிறுத்தல.”

சுகன்யா வெளியே பார்த்தபடி சொன்னாள். “உங்களுக்குத் தெரியாம இருக்கலாமுங்க. எங்களுக்குத் தெரியும். நீங்க ஒவ்வொரு தடவையும் அங்க நிறுத்துனப்ப நாங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்?”

மறுநாளே தாரணி தன் வண்டியைக் காலனித் தெருவின் கடைசி வரை ஓட்டித் திரும்பினாள். பிறகு வண்டி ஸ்டாண்டுக்குப் போனாள். இருபது பேர் என்ன பெரிய காரியம் என்று நினைத்திருந்தாள். ஒருவருக்கு டயர் சரியில்லை. ஒருவருக்கு மாமனார் வீடு மேலத் தெருவில். ஒருவர் சிரித்தார்.

“அங்க என்ன லோடு இருக்குதுன்னு போறது?” என்றார் நந்தகுமார். பன்னிரண்டு வருடமாக அவளோடு டீ குடிப்பவர்.

“லோடு இல்லைன்னா என்ன? ரெண்டு நிமிச ரோடு. போயிட்டு வந்தா உங்க வண்டி தேஞ்சா போயிரும்?”

“தேயாது. நாலு பேரு என்னன்னு கேப்பான்.”

“என்னன்னு கேப்பான்? கேட்டா என்ன சொல்லுவீங்க? வாயத் தொறந்து சொல்லுங்களேன், நானும் தெரிஞ்சுக்கறேன்!”

அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். பத்து நாளில் ஆறு வண்டிகள்தான் போயிருந்தன, அவளுடையதையும் சேர்த்து. வழக்கு வாய்தா நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பதினாலு பேரை எப்படியும் காலில் விழுந்தாவது கூட்டிவருகிறேன் என்று அவள் காலனிக்குப் போய்ச் சொன்னபோது, ஜீவரத்தினம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுகன்யாவுக்குத்தான் கோபம் வெடித்தது.

“எதுக்குக் காலுல விழோணும்? இருவது பேரு மனசு வெச்சாத்தான் எங்க தெரு தெருவாகுமா? ஏனுங்க்கா, பஸ் ஸ்டாப்புல நின்னு லோடு எறக்குறது யாரு? மேலத் தெருவுல ஊடு கட்டக் கம்பி எறக்குறது யாரு? சுத்துப்பட்டுப் பண்ணைக்கெல்லாம் தீவன மூட்டை எறக்குறது யாரு?”

கட்டிலிலிருந்து ஜீவரத்தினம் நிமிர்ந்தான். “எல்லாம் நம்மாளுங்கதான்” என்றான்.

அன்று சாயங்காலமே காலனியில் சுமை தூக்குகிற ஆண்களும் பெண்களும் கூடிப் பேசினார்கள். அடுத்த நாள் காலையில் தீவன வண்டிகள், அவையும் நீட்டுப்பாடிகள்தான், வழக்கம்போலப் பஸ் நிறுத்தத்தில் ஆள் ஏற்ற வந்து நின்றன. அங்கே யாருமில்லை. ஹாரன் அடித்தார்கள். யாரும் வரவில்லை. கடைசியில் ஒரு டிரைவர் நடந்தே காலனிக்குப் போய்க் கேட்டார்.

“இனிமே ஸ்டாப்புக்கு வர்றதில்லீங்க” என்றார்கள். “ஆளு வேணும்னா வண்டிய எங்க தெருக் கடைசிக்குக் கொண்டாங்க. அங்க இருந்து ஏறிக்கறோம்.”

ஒரு நாள் முறைத்துப் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவரப் பார்த்தார்கள். தொண்ணூறாயிரம் கோழிகளுக்குத் தீவனம் வேண்டும், கோழி யாருக்காகவும் காத்திருக்காது. மூன்றாம் நாள் ஒரு வண்டி உள்ளே வந்தது. வெட்கத்தோடு, கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தது. அப்புறம் வரிசையாக வந்தன. ஐந்தாம் நாள் நந்தகுமாரின் வண்டியும் வந்தது. தெருக் கடைசியில் திரும்பும்போது அவர் தாரணியைப் பார்த்தார். ஒன்பது நாளில் நாற்பத்தொரு வண்டிகள்.

பத்தாம் நாள், பஸ் நிறுத்தத்திலேயே கிடந்த கடைசி ஏழு குழாய்களை ஏற்றிக்கொண்டு தாரணி காலனிச் சாலையில் திரும்பினாள். வண்டி நிற்கவில்லை. ஒரு குரலும் வரவில்லை. இருபத்திரண்டு அடி நீளத்தோடு வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் அலுங்காமல் வளைந்து உள்ளே போனது. தெருவில் யாரும் கைதட்டவில்லை. ஜீவரத்தினம் கட்டையை ஊன்றி வாசலில் நின்று, குழாய்களை எந்தப் பக்கம் இறக்குவது என்று மட்டும் கையைக் காட்டினான். அவளுக்கு வண்டியை விட்டு இறங்கவே வெகு நேரமாயிற்று.

“என்னய மன்னிச்சுரு தம்பி” என்றாள்.

“மன்னிச்சு நான் என்னங்க்கா பண்றது? வியாழக்கெழம கோர்ட்டு இருக்குது. அங்க வந்து சொல்லுங்க.”

கோர்ட்டில் கூட்டமில்லை. மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. சாட்சி சொல்வதைக் கேட்டு எழுதுவதற்கு இப்போது ஆள் கிடையாது. கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கருவி இருந்தது. சாட்சி எந்த வட்டாரப் பேச்சில் பேசினாலும் அதைக் கோர்ட்டுத் தமிழாக்கித் திரையில் காட்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

“சம்பவத்தன்று சரக்கு ஏன் குடியிருப்பு வரை கொண்டுசெல்லப்படவில்லை?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

வண்டிமேல் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அது பொய்யும் இல்லை. தாரணி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ரோடு இருந்துச்சுங்க. நாங்க போகலீங்க. பதினோரு வருசமா நாங்க யாரும் போகல. நானே முப்பத்தேழு தடவ ஸ்டாப்போட நின்னுட்டேன். அதப் பாத்துத்தான் வண்டி கத்துக்கிச்சு.”

திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. தாரணி படித்தாள். ‘தொழில்நுட்பக் காரணங்களால் வாகனம் குடியிருப்புக்குள் செல்லவில்லை. இது நெடுங்காலமாக நிலவும் நடைமுறை.’

“நான் இப்புடிச் சொல்லலீங்க.”

“அதே அர்த்தம்தாம்மா” என்றார் கோர்ட்டு குமாஸ்தா. “கொஞ்சம் நல்ல தமிழ்ல போட்டிருக்குது. கையெழுத்துப் போடுங்க.”

“அதே அர்த்தமில்லீங்க. வண்டி போகலைன்னு நான் சொல்லவே இல்ல. நாங்க போகலைன்னு சொன்னேன்.”

மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே வாக்கியம் வந்து நின்றது. குமாஸ்தா சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினார்.

“இந்த மாதிரி கேஸுல சாட்சிங்க எல்லாரும் வழக்கமா இப்படித்தாம்மா சொல்லியிருக்காங்க. அதனால அதுக்கு இப்படித்தான் வருது.”

தாரணியின் முகம் சிவந்தது. “வழக்கமா சொன்னதெல்லாம் போதுங்க. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்னய உள்ள போடறதா இருந்தாலும் போட்டுக்குங்க. நான் சொன்னது அதுல வரணும்.”

மாஜிஸ்திரேட் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஒரு தாள் எடுங்க” என்றார். குமாஸ்தாவின் மேசையில் தாள் இருந்தது, பேனா இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு வயதான வக்கீல் தன் பேனாவைக் கொடுத்தார். தாரணி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, எழுதிப் பழக்கம் விட்டுப்போன கையால் குமாஸ்தா எழுதினார். ‘நாங்கள் போகவில்லை.’ அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் ஜீவரத்தினத்தை விடுதலை செய்தார்கள். தீர்ப்பு பதினான்கு பக்கம். விபத்துக்கு எவரும் பொறுப்பில்லை என்று அதன் கடைசிப் பத்தியில் இருந்தது. போன காலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கடைசியில் இணைப்பாகக் கையால் எழுதிய அந்த ஒற்றைத் தாளின் நகலை வைத்திருந்தார்கள்.

கோர்ட்டு வராந்தாவில் நின்றபடியே சுகன்யா எல்லாவற்றையும் படித்தாள். பிறகு அந்த ஒற்றைத் தாளை மட்டும் உருவி மடித்து ஜீவரத்தினத்தின் சட்டைப் பையில் வைத்தாள். பதினான்கு பக்கத்தையும் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, அவனுடைய கைக்குத் தன் தோளைக் கொடுத்துப் படியிறங்கினாள்.